குனிந்தபடி எடுக்காத அளவு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் இந்தக் கை பேனா பிடித்ததைவிட வெண்கட்டி பிடித்ததுதான் அதிகம். துணியில் கோடு போட்டுப் பழகியவன் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்துதான் வரும். எந்த இடத்தில் எந்த 'ர' என்பது எனக்கு இன்னும் தடுமாற்றம். பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

எழுதச் சொன்னது என் பெறாமகள், அண்ணரின் மகள் சுதா. இங்கே ஓக்லாந்தில், மனுகாவில் படித்துவிட்டு, இப்போது விளையாட்டு உடுப்புச் செய்கிற ஒரு இடத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, எங்கட இடத்தில புது மெஷின் ஒண்டு கொண்டுவந்து காட்டினவை. பெட்டி மாதிரி. உள்ள போய் நிண்டால் லைட் ஒருக்கா சுத்திவந்து உடம்பு முழுக்க அளவெடுத்துப்போடும். ஆரும் ஆரையும் தொடத் தேவையில்லை. உங்கட காலத்தில என்னெண்டு அளந்தனீங்கள்? எங்கட தமிழ்ச் சங்கத்து மலருக்கு எழுதித் தாங்கோவன்."

ஆரும் ஆரையும் தொடத் தேவையில்லை என்று அவள் சொன்னதும், பார்ப்போம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பதினொரு வயதில் மாமாவின் கடையில் சட்டைக்குத் தெறி, அதாவது பொத்தான், தைக்கத் தொடங்கினேன். பதினெட்டில் வெட்டப் பழகினேன். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அண்ணர் பொறுப்பெடுத்து ஓக்லாந்துக்குக் கூப்பிட்டார். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. லின்ஃபீல்டில் அண்ணர் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் மனைவியோடு இருந்துகொண்டு மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அங்கே நீச்சல் உடுப்பு, சைக்கிள் ஓட்டுபவர்களின் உடுப்பு, பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களின் உடுப்பு, எல்லாம் உடம்போடு ஒட்டுகிற இழுபடும் துணியில் செய்தார்கள். என் பெயர் சண்முகம். இரண்டாம் நாளே 'சாம்' ஆக்கிவிட்டார்கள்.

மேற்பார்வையாளர் ஹன்னா. ஒல்லாந்தில் பிறந்தவர், அப்போது அறுபதை நெருங்கியிருப்பார். குரலை உயர்த்தமாட்டார். தைத்து முடித்த உடுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் உட்புறத்தை வெளியே திருப்புவார். வெளிப்பக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு தையலையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து மூன்று தரம் இழுப்பார். நூல் உள்ளே அறுந்தால் சின்னதாக ஒரு சத்தம் வரும். எங்களுக்கு ஒருநாளும் கேட்காது, அவருக்குக் கேட்கும். கேட்டால் திட்டமாட்டார். உடுப்பை என் மேசையில் வைத்து அதற்குமேல் தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். அந்தக் கத்தி மேசையில் இருக்கிற நாட்களில் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது.

அவர் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். இவ்வளவு காலம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது அவர் எங்கள் ஊர்த் தமிழில் கதைப்பது போலவே எனக்குக் கேட்கிறது.

பந்தய உடுப்புக்கு அவர் வைத்திருந்த முறை இது. துணிச் சுருளை முதல் நாளே பிரித்து மேசையில் விரித்துவிட வேண்டும். சுருளில் இறுகிக் கிடந்த துணி ஒரு இரவு கழிந்தால்தான் தன் உண்மையான நீளத்துக்கு வரும். ஆளை மரப்பெட்டியில் ஏற்றி, பனிச்சறுக்குப் பூட்ஸ் போட்டபடி நிற்க வைத்து அளக்க வேண்டும். தாளில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று நின்றபடி, மற்றது குனிந்தபடி.

குனிந்தபடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே மூச்சில் இறங்குகிற பந்தயத்தில் பெண்கள் முழங்காலை மடித்து, முதுகைப் பலகை போலத் தட்டையாக்கி, கைகளை முகத்துக்கு முன்னால் நீட்டி ஒடுங்கிக்கொள்வார்கள். அதற்கு 'டக்' என்று பெயர். நிமிர்ந்தால் காற்றுப் பிடித்து இழுக்கும், நேரம் போய்விடும். அதனால் அந்த நிலையில் பின்கழுத்து எலும்பிலிருந்து முதுகு வழியாக முழங்கால் மடிப்பு வரைக்கும் உள்ள நீளம்தான் உடுப்புக்கு உயிர். நிற்கும்போது உள்ள நீளத்தைவிட அது எவ்வளவோ கூட. ஆளுக்கு ஆள் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். பழைய தாளைப் பார்த்து யாரும் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக ஹன்னா வருட முடிவில் எல்லாத் தாள்களையும் கிழித்துவிடுவார். தாளின் அடியில் இரண்டு கட்டம். அளந்தவர் பெயர், அளந்த திகதி.

அளப்பது எப்போதும் ஹன்னாதான். நான் வெட்டுவேன், தைப்பேன். எனக்கு அது வசதியாக இருந்தது. எங்கள் ஊர்க் கடையில் பெண்கள் அளவு கொடுக்க வருவதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்று பேப்பரில் சுற்றி, அப்பாவோ தம்பியோ கொண்டுவருவார்கள். அளவுச் சட்டை என்போம். அதை மேசையில் விரித்து அளந்து புதியதை வெட்டிவிடுவேன். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பெண்ணின் தோளில் நான் நாடாவை வைத்ததில்லை.

எண்பதுகளின் பின்பகுதியில் ஒரு தை மாதம், ஹன்னா பித்தப்பை வெட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். பத்து நாள் வரமாட்டார். அந்தப் பத்து நாளுக்குள் ரேச்சல் வந்தாள்.

ரேச்சல் ஓக்லாந்துப் பெண். இருபத்திரண்டு வயது. ருவாபேஹு மலையில் பனிச்சறுக்குப் பழகியவள். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு, வீட்டுக்கு வந்திருந்தாள். ஐந்து நாளில் திரும்ப ஐரோப்பாவுக்குப் போக வேண்டும், அங்கே உலகச் சம்பியன் போட்டி. அவளுடைய உடுப்பு ஒரு விழுகையில் தொடைப்பக்கம் கிழிந்துவிட்டது. இந்த நாட்டு அணியில் இறக்கப் பந்தயம் ஓடுகிற பெண்கள் இரண்டு பேர், அவளும் லின் என்று ஒருத்தியும். இடம் ஒன்றுதான். அங்கே நடக்கிற முதல் இரண்டு பயிற்சி ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவளை ஓடவிடுவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். இதெல்லாம் அவள் கதவடியில் நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னது.

ஹன்னா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். "சாம், இந்தமுறை அளவை நீரே எடும். தெரியும்தானே?"

"ஓம் மேடம்."

"மேடம் எண்டு சொல்லாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

நாடாவைக் கையில் எடுத்துவிட்டேன். ரேச்சல் பெட்டியில் ஏறி நின்றாள். மெல்லிய உள்ளுடுப்பு மட்டும். நான் நாடாவை நீட்டாமல் விரலில் சுருட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து மெஷினில் இருந்த சினா, சமோவா நாட்டுப் பெண், வாய் நிறையச் சிரித்தாள்.

"சாம், அவள் கடிக்கமாட்டாள். நான் பிடிக்கட்டோ நாடாவை?"

சினாவிடம் கொடுத்திருக்கலாம். இன்றுவரை நினைக்கிறேன். ஆனால் அன்று பொறுப்பு என்னுடையது. கிடைத்த பொறுப்பை முதல் மணித்தியாலத்திலேயே இன்னொருவரிடம் கொடுக்க எனக்கு வெட்கம். தொடுவதற்கும் வெட்கம். இரண்டுக்கும் நடுவில் என் வாயில் வந்தது பழைய கடையின் பேச்சுத்தான்.

"பழைய உடுப்பு இருக்குதோ? அது காணும். அதை வைச்சு நான் வெட்டுவன்."

அவள் பையிலிருந்து கிழிந்த உடுப்பை எடுத்துத் தந்தாள். நான் வருவதற்கு முன்பு ஹன்னாவே வெட்டித் தைத்தது. அன்று பின்னேரம் அதை மேசையில் விரித்து அளந்தேன். முதுகு நீளம் அளவுக்கு மீறி இருந்தது. மூன்று பனிக்காலம் போட்டு முதுகு தொய்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஊரில் அளவுச் சட்டை தோளில் தொய்ந்து வந்தால் அரை அங்குலம் குறைத்து வெட்டுவேன், எல்லோரும் மெச்சுவார்கள். அந்தக் கெட்டித்தனத்தை இங்கேயும் காட்டினேன். குறைத்தேன். குனிவதற்காக ஹன்னா வேண்டுமென்றே விட்ட நீளம் அது என்பது அப்போது என் தலையில் ஏறவில்லை. 'குனிந்தபடி' என்ற வரிசையில் மனக்கணக்காக இலக்கங்களை நிரப்பினேன். அளந்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அளந்த திகதி என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ரேச்சல் போட்டுப் பார்த்தாள். நீல உடுப்பு, தோல் போல ஒட்டி நின்றது. கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மெஷின்காரப் பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"குனிஞ்சு காட்டட்டோ?" என்று அவள் கேட்டாள்.

ஒரு பெண் அந்த நிலையில் குனிந்து நிற்க, பின்னால் நின்று முதுகையும் தொடையையும் பார்க்க என்னால் முடியவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம். எல்லாம் சரி" என்றேன்.

உடுப்பை மடித்துப் பையில் போடும்போது மிஞ்சின வெட்டுத்துணியையும் சுருட்டிப் போட்டேன். சினா வழக்கம் போலப் பகிடி பண்ணினாள். "குப்பையையும் சேத்து ஐரோப்பாவுக்கு அனுப்புறியே?" ஊரில் வெட்டுத்துணியை வைத்துக்கொள்கிற தையற்காரனைக் கள்ளன் என்பார்கள் என்று அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

ஹன்னா திரும்பி வந்த மறுநாள் காலை எட்டு மணியளவில் தொலைபேசி அடித்தது. ஐரோப்பாவில் அது முதல் நாள் இரவு. ஹன்னா எடுத்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியின் வாயைக் கையால் மூடி, என் பக்கம் திரும்பினார்.

"ரேச்சல். முதல் பயிற்சி ஓட்டம் முடிஞ்சுது. குனிஞ்சவுடன உடுப்பு கழுத்தையும் தோளையும் பிடிச்சு மேல இழுக்குதாம். பாதி வழியிலேயே நிமிந்திட்டாளாம். லின்னை விட ரெண்டு செக்கன் பின்னுக்கு. தாளைக் கொண்டுவாரும்."

கொண்டுபோனேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"குனிய வைச்சு அளந்தனீரோ?"

"ஓம்" என்றேன்.

அவர் தாளை மேசையில் வைத்து, விரலால் இரண்டாவது வரிசையை மேலிருந்து கீழாகத் தடவினார்.

"டக்கில ஒரு மனுசராலயும் அசையாமல் நிக்க ஏலாது. நான் அளந்த தாள் எல்லாம் வெட்டும் குத்துமாத்தான் இருக்கும். இதில ஒரு இலக்கம்கூட வெட்டித் திருத்தேல்லை. திகதியும் இல்லை." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "ஆரை அளந்தனீர், சாம்?"

"உடுப்பை" என்றேன்.

கத்தியை மேசையில் வைப்பார் என்று நினைத்தேன். அவர் தொலைபேசியை என் கையில் வைத்தார். "நீர்தான் வெட்டினீர். நீரே சொல்லும்."

எனக்கு அப்போது ஆங்கிலம் கடைக்குப் போய்ப் பால் வாங்குகிற அளவுதான். காதில் வைத்தேன். ரேச்சல் அழுது முடித்த குரலில் "சாம்?" என்றாள்.

"ரேச்சல், பூட்ஸைப் போடும். கதிரையில ஏறும். குனியும்."

"உடுப்போடையோ?"

"உடுப்பில்லாமல். அளக்கவேணும். கூட ஆர் நிக்கிறது?"

"லின் நிக்கிறாள்."

ஒரே அறையில் இரண்டு பேரும். அவளோடு இடத்துக்குப் போட்டி போடுகிற பெண்தான் நாடா பிடிக்க வேண்டும். நாடாவும் இல்லை. லின் தன் சப்பாத்துக் கயிற்றைக் கழற்றி, அதை ரேச்சலின் கழுத்தெலும்பில் வைத்து அளந்து, அடிமட்டத்தில் வைத்துப் பார்த்து இலக்கம் சொன்னாள்.

"சாம், இவள் ஆடுறாள். ஒவ்வொருமுறையும் வேற வேற வருது."

"ஆடட்டும். மூண்டு தரம் எடும்."

மூன்று இலக்கத்தையும் எழுதினேன். ஹன்னா பக்கத்தில் நின்று பார்த்தார். என் தாளில் இருந்ததைவிட மூன்றும் கூட. பெரிய இலக்கத்தை எடுத்துக் கணக்குப் பார்த்து, இடுப்புக்குப் பின்னால் குறுக்குத் தையலைப் பிரிக்கச் சொன்னேன். பைக்குள் சுருட்டிக் கிடக்கிற வெட்டுத்துணியில் ஒரு துண்டு வெட்டி அந்த வாயில் வைத்துத் தைக்க வேண்டும். அதே சுருளில் வந்த துணி, ஆகவே பரிசோதனையிலும் தவறாது. இந்த உடுப்புகளின் துணி காற்றை உள்ளே விட வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது, விழுந்தால் கண்ணாடியில் சறுக்குவது போல நிற்காமல் போகக் கூடாது என்பதற்காக. அதைப் பார்த்து முத்திரை போடுவார்கள்.

"துண்டு இலை மாதிரி இருக்கவேணும்" என்றேன்.

"எந்த இலை?" என்று லின் கேட்டாள்.

மாவிலை என்று சொல்லி அவர்களுக்கு என்ன விளங்கும்? "நடுவில அகலம். ரெண்டு பக்கமும் கூர்."

"சேர்ஃப் பலகை மாதிரியோ?" ரேச்சலின் குரல் தூரத்தில் கேட்டது; கடல் அலையில் சறுக்குகிற பலகையைச் சொன்னாள். இன்னும் குனிந்தபடிதான் நின்றிருக்கிறாள்.

"ஓம். சேர்ஃப் பலகை. இனி நீர் நிமிரலாம்."

இரண்டு பேரும் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியை எப்படிக் குத்த வேண்டும், நூலை இறுக்காமல் எப்படி வளைய வளைய விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தொலைபேசியை வைத்தபோது என் சட்டை முழுக்க வேர்வை.

அன்று வீட்டில் மனைவிக்குச் சொன்னேன். பத்மா சோறு போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பனியில பறக்கிற பிள்ளைக்கும் சாரி பிளவுஸ் தைச்ச மாதிரித்தான் தைச்சனீங்களோ?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விட்டுவிட்டாள்.

அந்தத் தையல் நின்றது. முத்திரையும் கிடைத்தது. இரண்டாவது ஓட்டத்தில் ரேச்சல் லின்னைவிட வேகமாக இறங்கினாள். ஆனால் இரண்டையும் கூட்டியபோது முதல் நாள் போன நேரம் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஒரு செக்கனுக்கும் குறைவான வித்தியாசத்தில் இடம் லின்னுக்குப் போனது. பந்தயத்தன்று ரேச்சல் பாதையோரம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஹன்னா இதைத் தொழிற்சாலையில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னார். அந்தத் தாளையும் தந்தார். "இதைக் கிழிக்கமாட்டன். நீர் வைச்சிரும்" என்றார்.

பங்குனி கடைசியில் ரேச்சல் உடுப்போடு வந்தாள். ஹன்னா உள்ளே போய்விட்டார், வேண்டுமென்றுதான் போனார் என்று நினைக்கிறேன். நான் உட்புறத்தை வெளியே திருப்பினேன். இரண்டு பெண்கள் விடுதி அறையில் கையால் போட்ட தையல். கோணலாக இருந்தது. காதருகே வைத்து மூன்று தரம் இழுத்தேன். ஒரு நூலும் அறவில்லை.

ஆங்கிலத்தில் சொல்ல ஒரு கிழமையாக மனதுக்குள் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். "ரேச்சல், அந்தத் தாளில நான் எழுதினது பொய். உம்மை நான் அளக்கேல்லை."

"தெரியும்," என்றாள். "நான்தானே பெட்டியில நிண்டனான்."

உடுப்பை மடித்து மேசையில் வைத்தேன். அவள்தான் பிறகும் சொன்னாள். "குனிஞ்சு பாக்காமல் போகக் கூடாது எண்டு எனக்கும் தெரியும் சாம். நீங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டீங்கள். பாவமாக் கிடந்தது. அதுதான் விட்டனான். வீட்டில போய்க் குனிஞ்சு பாத்தனான், கொஞ்சம் இழுத்தது. போடப் போட இளகும் எண்டு நினைச்சன்."

அவள் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என் கூச்சத்துக்கு அவள் மரியாதை கொடுத்தாள். அதற்கு அவள் இழந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவனை வெட்கப்படுத்தக் கூடாது என்று நினைத்த பெண்.

பையிலிருந்து பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியில் ஏறினாள். "அடுத்த பனிக்காலத்துக்குப் புதுசு வேணும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். சினா மெஷினை நிறுத்தினாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

நாடாவின் நுனியைக் கழுத்தெலும்பில் வைத்தேன். தொட்டபோது ஒன்றும் ஆகவில்லை. அது உடம்பு, அவ்வளவுதான். தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன, மூச்சுக்கு மூச்சு முதுகு ஏறி இறங்கியது. ஒரு இலக்கம் எழுதி, வெட்டி, வேறு எழுதினேன். முழங்காலில் நின்று முழங்கால் மடிப்பு வரை நாடாவைக் கொண்டுபோனேன். தாள் முழுக்க வெட்டும் குத்துமாகிவிட்டது. பெயர் எழுதினேன். திகதியும் எழுதினேன்.

அடுத்த பனிக்காலத்தில் அந்த உடுப்பை அவள் போட்டு ஓடினாள். அதற்கு அடுத்த வருடம் முழங்கால் முறிந்து பந்தயத்தை விட்டுவிட்டாள். இன்னொரு உலகப் போட்டிக்கு அவள் போகவில்லை. ஹன்னா ஓய்வு பெற்ற பிறகு அளப்பது என் வேலையானது. எத்தனை பெண்களை அளந்தேன் என்று கணக்கில்லை. வலது கை விரல்கள் மரத்துப்போய்க் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல், போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். களைப்பாக இருக்கிறது. அந்தத் தாள் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சுதா, என்னெண்டு அளந்தனீங்கள் என்று கேட்டாய். முதல் தரம் அளக்கவில்லை. அதுதான் பதில். தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் பெட்டி நல்லதாக இருக்கலாம். ஆனால் அதற்குள்ளே ஆளைக் குனிய வைத்துப் பார்க்கிறார்களா என்று ஒருக்கால் கேட்டுப் பார்.

அந்தத் தாளில் நான் வெறுமையாக விட்ட திகதிக் கட்டம் இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அளக்காதபடியால் அதில் போட எனக்கு ஒரு நாள் இல்லை. இந்தத் தாளில் போடுகிறேன்.

சண்முகம்
லின்ஃபீல்ட், ஞாயிற்றுக்கிழமை, 27.07.2003